மிதக்க விரும்பிய பெண்ணின் கையில் துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காமிக்ஸ் கட்டுரையில், மார்வெல் நிறுவனத்தின் 'அவெஞ்சர்ஸ்: தி இனிஷியேட்டிவ்' (2007–2010) தொடரில் வரும் கேம்ப் ஹாமண்ட் என்ற, சூப்பர் ஹீரோக்களுக்கான அரசுப் பயிற்சி முகாமைக் கட்டுப்பாட்டின் இலக்கணமாகக் கட்டுரையாளர் புகழ்ந்திருந்தார். பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே தலை நரைத்தவன் நான். கட்டுப்பாட்டின் மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனாலும் இந்தப் புகழ்ச்சி தொண்டையில் இறங்கவில்லை.

முகாம் பிறந்த காரணம் நியாயமானதுதான். 2006இல் வந்த 'சிவில் வார்' கதையில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வில்லனைப் பிடிக்கப் போன இளம் ஹீரோக்களால் ஸ்டாம்ஃபோர்ட் நகரில் பெரும் வெடிப்பு நிகழ்கிறது. 600க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அதன்பின் சக்தி படைத்தவர்கள் அரசிடம் பதிந்து, பயிற்சி பெற வேண்டும் என்று சட்டம் வருகிறது. அதே ஸ்டாம்ஃபோர்டில் முகாமும் எழுகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? தொடரின் முதல் இதழிலேயே பயிற்சிக் களத்தில் ஒரு பையன் இறந்துபோகிறான். எதிராளியின் அச்சத்தையே உருவமாக எடுக்கும் ட்ராமா, ஆர்மரி என்ற பெண்ணின் முன் பெருஞ்சிலந்தியாக நிற்கிறான். அவளுக்குச் சிலந்தியென்றால் குலைநடுக்கம். கையில் பொருந்தியிருக்கும் வேற்றுக்கிரக ஆயுதம் கண்டபடி சுடுகிறது. பக்கத்தில் இருந்த சக மாணவி அபியைக் காப்பாற்றப்போன எம்விபி என்ற அந்தப் பையன் குண்டடிபட்டுச் சாகிறான். ஈட்டி எறியும் வகுப்பில் நான் சொல்லித்தரும் முதல் பாடம் எறிவது அல்ல. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, நட, முனை தரையைப் பார்க்கட்டும் என்பதுதான். அந்த அளவு முன்யோசனைகூட அங்கே யாருக்கும் இல்லை. ஆர்மரியின் ஆயுதத்தைக் கழற்றிக்கொண்டு அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சாவை மூடி மறைத்த முகாம் அதிகாரி கைரிச் அப்போது தன் நாற்காலியிலேயே இருக்கிறார். போதாக்குறைக்கு, இறந்தவனின் உடலிலிருந்து நகல் மனிதர்களை வேறு உருவாக்குகிறார்கள்.

கட்டுரையாளர் இதை ஒரு வரியில் கடந்துவிட்டார். அபியைப் பற்றி அந்த ஒரு வரியும் இல்லை. எனக்கு இத்தொடரே அவள் கதைதான். கிளவுட் 9 என்ற பெயரில் வரும் இவள் மேகத்தின் மேல் ஏறி வானத்தில் மிதப்பாள், அவ்வளவுதான். யாரையும் காப்பாற்றவோ அடிக்கவோ கிளம்பியவள் அல்ல. பதிவில்லாமல் பறப்பது குற்றம் என்று வார் மெஷின் என்ற கவச ஹீரோ வானத்திலேயே வந்து மறிக்கிறார். பறக்கும் ஆசைக்காக முகாமில் சேர்ந்தவளின் குறி தப்பாது என்று கண்டுகொண்டதும் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மேகத்தில் மறைந்திருந்து சுடுபவளாக ஆக்கிவிடுகிறார்கள். நல்ல மாணவி, சொன்னதையெல்லாம் கற்றுக்கொள்கிறாள்.

என் வகுப்பிலும் ஒரு சிறுமி இருந்தாள். மணி அடித்த பிறகும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பாள். நான் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் அலைந்தேன். இரண்டு பதக்கங்கள் வாங்கினாள். மறு வருடம் மைதானத்தின் பக்கமே வரவில்லை.

இன்னொன்று: கட்டுரையில் முகாம் நியூயார்க் மாநிலத்தில் இருப்பதாக அச்சாகியுள்ளது. ஸ்டாம்ஃபோர்ட் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்