துடுப்பு மெஷின் வாங்கலாமா என்று கேட்ட கலாவுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டு சத்தமாக வாசித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷம்டி. மண்டபம் கிடைத்து தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல், இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், விளம்பரம் உட்பட.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முட்டி வலியில் நடக்கப் போக முடியவில்லை, ரோயிங் மெஷின், அதுதான் உட்கார்ந்த இடத்திலேயே படகுத் துடுப்பு வலிக்கிற மாதிரி இழுக்கிற உடற்பயிற்சி மெஷின், ஒன்று வாங்கிப் போட்டால் விடாமல் செய்வேனா, இல்லை கொஞ்ச நாளில் அதில் துணி காயப்போட ஆரம்பித்துவிடுவேனா என்று கேட்டிருக்கிறாய். டாக்டர் சம்மதித்தால் வாங்கு. ஆனால் எதை வாங்குவது என்பதில் மட்டும் பிடிவாதமாக இரு. திறந்து பார்க்க முடிகிற, பழுதானால் சரி செய்ய முடிகிற மெஷினாகப் பார்த்து வாங்கு. என்னுடையது இத்தனை காலமாக ஓடுவதற்குக் காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கை பட்டுப் பழகின சாமானை மனுஷி அவ்வளவு சீக்கிரம் மூலையில் போட மாட்டாள்.

என்னிடம் இருப்பது கான்செப்ட் 2 கம்பெனியின் மாடல் டி. அதையே இப்போது ரோஎர்க் என்ற பெயரில் விற்கிறார்கள். பக்கத்து அபார்ட்மெண்டில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பெங்களூரில் இந்த ஒரு வசதி உண்டு, ஐடி பிள்ளைகள் ஊர் மாறும்போது சோபா, சைக்கிள், மிக்சி எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் போவார்கள். புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேல் ஆகும். பழசுக்கு நீ பயப்பட வேண்டாம், இதில் தேயக்கூடிய பாகம் ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கிறது.

இந்த மெஷின் பிறந்ததே சைக்கிளிலிருந்துதான் தெரியுமா? அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் டிக், பீட் என்று டிரைசிகாக்கர் சகோதரர்கள். டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டியில் கலந்துகொண்டவர். படகுத் துடுப்பு செய்து விற்றுக்கொண்டிருந்த இவர்கள், ஒரு சைக்கிளைக் கொட்டகைத் தரையில் ஆணியடித்து நிறுத்தி, செயினின் ஒரு நுனியைக் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து 1981-இல் முதல் மாடல் வந்தது, அதில் சுழன்றதும் சைக்கிள் சக்கரமேதான். இன்றைக்கும் உள்ளே செயின், பல்சக்கரம், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச், பேரிங், செயினைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு எலாஸ்டிக் கயிறு, இவ்வளவுதான் சங்கதி. எங்கள் மார்க்கெட் தெரு சைக்கிள் கடை அண்ணன் இப்படி ஒரு மெஷினைப் பார்த்ததே இல்லை. மூடியைக் கழற்றிக் காட்டியதும் "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

இதையே என் நாத்தனார் வீட்டில் நடந்ததோடு வைத்துப் பார். விலை குறைவு என்று காந்தத்தால் இழுப்புக்குக் கனம் கொடுக்கிற மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். சத்தமே இல்லாமல் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் இழுக்கிற பட்டை அறுந்தது. மாற்றுப் பட்டை கேட்டால், அந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பட்டை கிடைக்காமல் முழு மெஷினும் மொட்டை மாடியில் கிடக்கிறது, எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காந்த மெஷின் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், வாங்குவதற்கு முன்னால் பட்டையும் சீட் சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். மரச்சட்டத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்த மெஷினும் இருக்கிறது, பார்க்க லட்சணமாக இருக்கும், சத்தமும் காதுக்கு இதம். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், அவ்வப்போது குளோரின் மாத்திரை போட்டு வரவேண்டும். உன் ஹாலில் மூன்று பக்கமும் வெயில் அடிக்கும், வேண்டாம்.

இப்போது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீ இருப்பது திருவான்மியூரில், கடல் கூப்பிடு தூரம். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி படுகிற பாட்டை நானே பார்த்திருக்கிறேன். செயினுக்கு நிக்கல் பூச்சு இருக்கிறதுதான், ஆனாலும் உப்புக்காற்று சும்மா விடாது. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடச் சொல்கிறது கம்பெனி. தினம் அரை மணி செய்தால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். நீ அதுவரை காத்திருக்காதே, மாதம் ஒரு தடவை போடு. ஒரு டீஸ்பூன் மினரல் ஆயில் போதும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயும் சுத்திகரித்த மினரல் ஆயில்தான், நான் அதைத்தான் போடுகிறேன். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து, எண்ணெயை அதில் விட்டு, இன்னொருவரைக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கச் சொல்லி, செயினை அந்தத் துணிக்குள்ளே முழு நீளத்துக்கும் ஓடவிட வேண்டும். முதல் தடவை துணியில் கன்னங்கரேல் என்று இரண்டு கோடு விழும். துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடி ஓட்டு, கோடு வெளிறிக்கொண்டே வரும், அப்புறம் காய்ந்த துணியால் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடு. எண்ணெய் வழிய வழிய இருந்தால் தூசிதான் ஒட்டும். அந்த நேரத்திலேயே ஒவ்வொரு கண்ணியும் மடங்குகிறதா, எங்கேயாவது விறைத்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடலாம்.

டபிள்யூடி 40 மாதிரி ஸ்ப்ரே அடிக்காதே, அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று எதிர்வீட்டு அம்மா என்னைக் கேட்டார். அது இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய், இந்த ஊர் டிசம்பரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது, செயினுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். உங்கள் ஊரில் அவ்வளவாக உறையாது, ஆனால் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும்.

சீட் ஓடுகிற தண்டவாளத்தைத் தினமும் முடித்தவுடன் ஈரத் துணியால் துடைத்துவிடு, ஒரு நிமிஷ வேலை. விட்டால் கறுப்பாகப் படிந்து சீட் தடதடக்கும். சீட்டைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சின்னச் சக்கரங்களையும் பார்க்க வேண்டும், நம்மைப் போல நீளமுடிக்காரர்கள் இருக்கிற வீட்டில் உதிர்ந்த முடி அச்சில் இறுகச் சுற்றிக்கொள்ளும், ஊக்கு முனையால் தூக்கி அறுத்தெடுத்தால்தான் வரும். சுடிதார் டாப்ஸ் பின்பக்கம் தொங்கினால் அதே சக்கரத்தில் போய் மாட்டும், அதனால் இடுப்போடு நிற்கிற மேல்சட்டை போட்டுக்கொள், துப்பட்டா கூடவே கூடாது.

அடுத்தது காற்றாடிக் கூண்டு, நாம் இழுக்கும்போது சுழல்கிற சக்கரத்தை மூடியிருப்பது. இங்கே தெருவுக்குத் தெரு கட்டட வேலை நடக்கிறது, தூசி கூண்டின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் மானிட்டர் காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும், அது காற்று எவ்வளவு உள்ளே போகலாம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. நிஜமான சுமை டிராக் ஃபேக்டர் என்ற எண்ணில் தெரியும். நாம் இழுத்து முடித்து முன்னால் திரும்பி வருகிற நேரத்தில் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அளந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் மெஷினே அதைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நெம்புகோலை ஒரே இடத்தில் வைத்திருந்தும் அந்த எண் வாரா வாரம் இறங்கினால், சல்லடை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். திருகுகளைக் கழற்றி வாக்குவம் வைத்து உறிஞ்சினால் பழையபடி ஏறிவிடும்.

இதில் உனக்கென்றே ஒரு விஷயம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், காற்றழுத்தம் உங்கள் ஊரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால் என் வீட்டில் 4-இல் வைத்து இழுப்பது சென்னையில் அதே 4-இல் வைத்து இழுப்பதைவிடச் சுலபம். அதனால் இங்கே வந்து இழுத்துப் பார்த்துவிட்டு நெம்புகோல் நிற்கிற இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாதே, டிராக் ஃபேக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போ. 100, 110 போதும் உனக்கு. 10-இல் வைத்தால்தான் உடற்பயிற்சி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது கனத்த படகை இழுக்கிற மாதிரி, முதுகு போய்விடும்.

மானிட்டரில் டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரி இரண்டு. கல்யாண வேலையில் மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் கழற்றி வைத்துவிடு, ஒழுகினால் உள்ளே அரித்துவிடும். முடித்ததும் கைப்பிடியை நடுக் கொக்கியில் மாட்டி விட்டுவிடாமல் சக்கரத்துப் பக்கம் முழுசாகப் போகவிடு, இல்லாவிட்டால் எலாஸ்டிக் கயிறு எந்நேரமும் இழுபட்டே இருந்து தொய்ந்துவிடும். தொய்ந்தாலும் பரவாயில்லை, இறுக்கிக் கட்ட வழி இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

உன் முட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காலில் உடம்பு எடை விழாது என்பதால் நடையைவிட இது தேவலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நன்றாக மடக்கி நீட்ட வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் செய்தே காட்டிக் கேள். முன்னால் வரும்போது கணுக்காலுக்கு நேர் மேலே முட்டி வந்ததும் நின்றுவிடு, அதற்கு மேல் மடக்காதே. முதலில் காலால் தள்ளு, அப்புறம் இடுப்பு, கடைசியில்தான் கை. திரும்பும்போது கை, இடுப்பு, கால். எங்கள் அல்சூர் ஏரியில் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு வீரர்கள் படகு ஓட்டுவதைக் கரையில் நின்று நான் பார்ப்பதுண்டு, இழுப்பதில் எவ்வளவு வேகமோ அவ்வளவு நிதானம் திரும்பி வருவதில். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் துடுப்பில் நமக்குத் தங்கம் வாங்கித் தந்த பஜ்ரங் லால் தாக்கரும் ராணுவத்துக்காரர்தான். நிமிஷத்துக்கு பதினெட்டு, இருபது இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். மானிட்டரில் 500 மீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று ஓடும், அதைத் துரத்தாதே. இரண்டரை நிமிஷத்தில் போக 104 வாட் சக்தி போதும், அதை இரண்டு நிமிஷமாக்க 203 வாட் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நமக்கு எதற்கு அது.

இடம் பற்றிக் கேட்டிருந்தாய். எட்டடி நீளம், இரண்டடி அகலம், எடை 26 கிலோ. கருவி ஏதும் இல்லாமலே இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் நீ பிரிக்காமல் போட்டு வைக்க இடம் பார், தினமும் சேர்த்துப் பிரிக்கிற வேலை இருந்தால் உட்கார மனசு வராது. அம்மாவின் பழைய கட்டில் கிடக்கிறதே அந்த அறை சரியாக இருக்கும், கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தி வை. கீழ் வீட்டுக்காரர்களுக்குக் காற்றுச் சத்தம் போகாது, சீட் ஓடுகிற அதிர்வுதான் போகும், அடியில் கெட்டியான ரப்பர் பாய் விரித்துவிடு.

அழைப்பிதழ் கொடுக்க இங்கே வருவாய் அல்லவா, டபுள் டெக்கர் ரயிலில் ஏறி மத்தியானத்துக்குள் வந்து சேர். இரண்டு நாள் தங்கு, இழுத்துப் பார், செயினுக்கு எண்ணெயும் நீயே போட்டுப் பார். இங்கே யாராவது விற்கிறார்களா என்று அபார்ட்மெண்ட் குரூப்பில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அதற்குள் முட்டிக்கு எக்ஸ்-ரே எடுத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது. மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், அதை எழுதவே இல்லையே நீ!

அன்புடன்,
ராஜி