தம்பிக்கு, கறுப்பு மீனைப் பற்றி

தம்பி,

நாளை அம்மாவின் தலைத்திவசம். தோ பாயோ வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். நம்பரை மாற்றிவிட்டாய், இந்தப் பக்கத்தையாவது பார்ப்பாய் என்று இங்கே எழுதுகிறேன். சித்தி வீட்டாரும் படிப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி விஷயத்தைத் தொடவில்லை.

தீமிதி பார்த்துவிட்டு சவுத் பிரிட்ஜ் சாலையிலிருந்து நான் திரும்பிய அந்த இரவு. சமையலறைத் தரையில் நீ. விரல் முழுக்க மை. சுருண்டு கிடந்த கறுப்பு மீன், உடம்பெல்லாம் கண். “இது யாரு, அம்மாவா?” என்றேன். “தெரியலக்கா. வருது, வரையறேன்.” மறுநாளே அதைப் படம் எடுத்துக்கொண்டு போய், இவனுக்கு என்ன வியாதி என்று கேட்டேன்.

இப்போதுதான் யுங்கைப் படிக்கிறேன், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1930இல் எழுதிய ஒரு கட்டுரையில் படைப்பை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் வாழ்ந்து அறிந்த துக்கம், காதலிலிருந்து வருவது ஒன்று. மற்றது தரிசனமாக வருவது. வரைபவனுக்கே அன்னியமாக, கூட்டு நனவிலியிலிருந்து, அதாவது மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஆழ்மனத்திலிருந்து எழுவது. அதை வரைந்தவனின் சொந்தக் கதையாகவோ நோயாகவோ சுருக்கிவிடக் கூடாது என்கிறார். நான் அந்த மீனை ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லையே. மன்னித்துவிடு.

பயம்தான். அவருக்கே இருந்திருக்கிறது. 1913இல் ஐரோப்பா வெள்ளத்தில் மூழ்குவதாகக் காட்சி வந்தபோது, புத்தி பேதலிக்கிறதோ என்று அஞ்சினார். அந்தக் காட்சிகளை எழுதி வரைந்த சிவப்புப் புத்தகம் அவர் இறந்து 48 வருடம் கழித்து, 2009இல் வெளிவந்தது. பதிப்பித்த சோனு ஷாம்தாசானி பிறந்தது நம்ம சிங்கப்பூரில். இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று கேள். அந்த ஆழத்தில் தன்னைத் தாங்கியது குடும்பமும் தொழிலும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு மனைவி எம்மா இருந்தார். உனக்கு யார் இருந்தது? வீட்டுக் கடன் கட்டியது யார்? அம்மாவைக் குளிப்பாட்டியது யார்? நீ பாட்டுக்கு இறங்கிப் போனாய். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவளின் கையை ஒருநாளாவது பார்த்தாயா?

சரி. மீனை நான் குப்பையில் போட்டுவிட்டதாகத்தானே நினைக்கிறாய்? ஸ்டோர்ரூமில் அரிசி டின்னுக்குப் பின்னால், அம்மாவின் நூல் சேலையில் சுற்றி இருந்தது. சுற்றியது நான் இல்லை.

போன வாரம் சட்டம் போட பிராஸ் பசாவுக்கு எடுத்துப் போனேன். எது மேல்பக்கம் என்று கடைக்காரர் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தெரியவில்லை. என் தம்பி வந்து சொல்வான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா