அரைப்பேர் துண்டும் வேசன் கார்ட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

தர்க்கம், ஒழுக்கவியல், பகுத்தறிவுன்னு கண்டியில நடந்த மெய்யியல் லெக்சருங்களுக்கு நம்ம புள்ளைங்க வரலன்னு போன கிழமை உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க. எப்படிங்க வரும், நானும் போயிருந்தேன், தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் இங்கிலீஷ் தான், இங்க புள்ளைங்க ஏ.எல். பரீட்சைக்கு அளவையியலும் (லொஜிக் தான்) விஞ்ஞான முறையும் தமிழ்ல படிக்குதுங்க.

விஷயம் நல்ல விஷயம் தான். 1966ல பீட்டர் வேசன்ங்கிற உளவியலாளர் செஞ்ச கார்ட் புதிரக் காட்டினாங்க. இங்கிலீஷ் எழுத்து ஈ (E), கே (K), அப்புறம் 4, 7ன்னு நாலு கார்ட், ஒவ்வொன்னுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டை எண் இருக்கணும், இது சரியான்னு பாக்க எதையெதப் பிரட்டணும்? நிறையப் பேர் ஈயையும் 4ஐயும், இல்லாட்டி ஈய மட்டும் தான் சொல்லுவாங்க. 4க்குப் பின்னால எது இருந்தாலும் விதி உடையாது, 7க்குப் பின்னால உயிரெழுத்து இருந்தா தான் உடையும், அதனால ஈயும் 7உம். மனுசனுக்கு லொஜிக் வராதுன்னு சொல்லிட்டு பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார், அங்க தான் எனக்குக் கோவம். 1982ல கிரிக்ஸ், கொக்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதே புதிர, பியர் குடிக்கிறவருக்கு அதுக்குரிய வயசு ஆகியிருக்கணும்னு விதிய மாத்திக் கேட்டப்போ முக்காவாசிப் பேர் சரியா சொன்னாங்களே, அத ஏன் விட்டார்?

நான் கிளாஸ்ல நாலு துண்டு எழுதி வச்சேன். 20 கிலோ, 14 கிலோ, முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்). ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் போட்ட பேர். 18 கிலோ இல்லாட்டி அதுக்கு மேல தேயிலைக் கொழுந்து எடுத்தா முழுப்பேர் போடணும், ஏமாத்தியிருக்காங்களான்னு பாருங்கன்னேன். "20 கிலோவயும் அரைப்பேரயும் பிரட்டுங்க டீச்சர், முழுப்பேர் போட்ட துண்டுல என்னத்தப் பாக்க"ன்னு பின் பெஞ்சில இருந்து ஒரு புள்ள சொல்லுது. ஈ, 7 கணக்கே தான் இது, அந்தப் புள்ள அம்மா கொழுந்து எடுக்குறவங்க.

மணிமேகலை 29ஆம் காதையிலயும் அனுமானம் வருது, புகைய வச்சு மலையில நெருப்பு இருக்குன்னு சொல்றது, ஆவியா பனியான்னு சந்தேகத்தோடயே நெருப்புன்னு முடிவு கட்டினா பிழைன்னும் அதுலயே இருக்கு, பனிமூட்டத்துலயே வளர்ற நுவரெலியாப் புள்ளைக்கு இத விளக்கவும் வேணுமா?

ஏற்பாட்டாளர்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒன்னு கேக்குறேன். அடுத்த தடவ ஒரு லெக்சராவது ஹட்டன்ல தமிழ்ல வைங்க, காலையில வைங்க, பின்னேரம் வச்சா மேட்டுத் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு திரும்பிப் போக பஸ் இல்ல.

இப்படிக்கு,
அளவையியல் ஆசிரியை ஒருத்தி,
ஹட்டன்