முட்டி வலியும் மூளையில் ஒரு கோலமும்

சிங்கப்பூர்
ஜூன் 14

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஈப்போவில் மழை விட்டபாடில்லை என்பதையும், பேத்தி அரங்கேற்றத்துக்குத் தயாராகிறாள் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. "முட்டி தேய்ந்துவிட்டதாம், மாடி ஏறுவதையே விட்டுவிட்டேன், இனி இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "இனி இப்படித்தான்" இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

என் வலது முட்டிக்கு இது ஆறாவது வருடம். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, வயதுக்கு ஏற்ற தேய்மானம் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேய்மானம் இருப்பது உண்மைதான். ஆனால் போன வருடம் பார்த்த இயன்முறைச் சிகிச்சையாளர், சின்ன வயதுப் பெண், படத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னை மூன்று படி இறங்கச் சொன்னாள். இறங்கினேன். மறுபடியும் இறங்கச் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் வலது காலையே முதலில் கீழே வைக்கிறீர்கள் அம்மா, இப்போது வலிக்கிறதா?" என்று கேட்டாள். அன்று துளி வலியும் இல்லை, கமலா. வலிக்கும் காலை முதலில் இறக்கினால், உடம்பைத் தாங்கி மடங்குகிற வேலை நல்ல காலுக்குப் போய்விடும். வலித்த நாட்களில் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கத்தை, வலி இல்லாத நாளிலும் கால் விடாமல் செய்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அதன் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். உச்சந்தலையின் இருபுறமும் காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டை மூளையில் இருக்கிறது. இயக்கப் புறணி என்கிறார்கள். உடம்பை அசைக்கும் கட்டளை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வலது காலுக்கு இடப்பக்கத்திலிருந்து வரும். 1937-இல் மொன்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று படமாகப் பதிவு செய்தார். கைக்கும் முகத்துக்கும் பெரிய நிலம். காலுக்கு உச்சியில், இரண்டு பாதி மூளைகளும் சந்திக்கும் பிளவுக்குள் ஒரு மூலை.

அந்த வரைபடம் கல்வெட்டு இல்லை என்பதுதான் உனக்கு நான் சொல்ல வந்தது. நாள்பட்ட மூட்டு வலி அதையும் மாற்றுகிறது. முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் தொடைத் தசையை இறுக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், முட்டிக்குரிய இடம் முன்னோக்கி நகர்ந்திருந்தது. சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனால் முதுகு வலியிலும் இதே போன்ற நகர்வை 2008-இலேயே கண்டிருக்கிறார்கள். அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கும் தசைக்குரிய இடம் மூளையில் தள்ளிப்போயிருந்தது. எவ்வளவு தள்ளிப்போயிருந்ததோ அவ்வளவு தாமதமாக அந்தத் தசை வேலைக்கு வந்தது.

மூளைக்குப் போகாமலேயே நடப்பதும் உண்டு. நல்ல முட்டிக்குள் உப்புநீரை ஏற்றி வீங்க வைத்தால், வலியே இல்லாவிட்டாலும் தொடைத் தசை தளர்ந்துவிடுகிறது. மூட்டிலிருந்து போகும் சேதி தண்டுவடத்திலேயே தசையின் கையைக் கட்டிவிடுகிறது. "திடீரென்று கால் மடங்கிவிடுகிறது, நான் சோம்பேறியாகிவிட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அந்தச் சொல்லை இனி உன்னைப் பற்றிச் சொல்லாதே. காலுக்குக் கட்டளை குறைவாகப் போகிறது. நீ உழைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நகர்ந்த இடம் திரும்பி வருமா என்றுதான் அடுத்துக் கேட்பாய். முதுகு வலிக்காரர்களில் வந்தது. 2010-இல் அதே குழுவினர் ஒரு பிரிவினருக்கு அந்தத் தசையை மட்டும் தனியாக, கவனத்தோடு இயக்கப் பழக்கினார்கள். இன்னொரு பிரிவினரை நடக்கச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் முதல் பிரிவினரின் வரைபடம் பழைய இடத்தை நோக்கி நகர்ந்தது, நடந்தவர்களுக்கு மாறவில்லை. நடையைக் குறைத்துப் பேசவில்லை கமலா, முட்டிக்கு அதுவும் தேவை. கவனம் வைத்துச் செய்வது மூளைக்கு வேறு வகைப் பாடமாக இருக்கிறது என்பதை நான் இதில் எடுத்துக்கொண்டேன்.

அதனால் என் பயிற்சியை எனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொண்டேன். காலையில் வாசல் தாழ்வாரத்தில் ஒன்பது புள்ளிக் கோலம் போட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். வலது காலை நீட்டி, கட்டைவிரல் கோட்டைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி, கோலத்தின் மேலேயே மெதுவாகக் கொண்டுபோவேன். நேர்க்கோடு எளிது. புள்ளியைச் சுற்றி வளையும் இடத்தில்தான் தொடை நடுங்கும். கால் விரல் வளைவைக் கடந்து வெளியே ஓடிவிடும். முதல் வாரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் மாவை நாலு இடத்தில் கலைத்தேன். இப்போது மூன்று சுற்று, ஒரு புள்ளியும் கலைவதில்லை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆதி தாளம் போடுவார். எட்டு எண்ணிக்கையில் எழ வேண்டும், எட்டில் உட்கார வேண்டும். இறங்கும் எட்டுதான் கடினம். அந்தப் பெண்ணிடம் காட்டினேன், தொடரச் சொல்லிவிட்டாள். நீயும் யாரிடமாவது காட்டிவிட்டே தொடங்கு. முட்டி சிவந்து சூடாக வீங்கியிருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் கோலம்.

வலி முழுவதும் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மழை நாளில் இன்னும் முனகுகிறது. ஆனால் போன ஞாயிறு தேக்கா சந்தையில் கீரையும் நண்டும் வாங்கிக்கொண்டு, பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இடது கால் முதலில் தரையைத் தொட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. பஸ் போன பிறகும் நிறுத்தத்திலேயே சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

சின்னவனுக்குப் பொங்கோலில் வீடு கிடைத்துவிட்டது, பதினான்காவது மாடி. உமறுப் புலவர் பள்ளியில் நம்மோடு படித்தவர்களில் நாலு பேர் ஆகஸ்டில் இங்கே கூடுகிறார்கள். நீயும் வர வேண்டும். ஈப்போவிலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன், படுக்கை என் அறையிலேயே.

அதற்கு முன் ஒன்று செய். நாளை படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்
சரசு