கூகையும் வௌவாலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், பூட்டிய வளவுகளில் ‘ஆந்தை, வௌவால் முதலிய பறவைகள்’ அடைவதாக எழுதியிருந்தீர்கள். வௌவால் பறவை அல்ல. குட்டி ஈன்று பால் கொடுக்கும் விலங்கு. சிறு பிழைதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை.

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பங்காளிகள் கல்யாணத்துக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும்தான் திறக்கிறோம். மற்ற நாட்களில் மச்சில் கூகை என்னும் ஆந்தையும், இரண்டாம் கட்டு இருட்டறையில் பூச்சி தின்னும் வௌவால்களும்தான் குடித்தனம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசிக் கல்யாணத்துக்காகப் புகை போட்டு இரண்டையும் விரட்டினோம். மறுநாள் காலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் முடி முளைக்காத வௌவால் குட்டிகள் செத்துக் கிடந்தன. மச்சில் கூகையின் முட்டைகள் சில்லிட்டுப் போயிருந்தன.

அடுத்த ஆண்டே கூகை திரும்பி வந்து ஐந்து முட்டை இட்டது. வௌவால்கள் இன்றுவரை வரவில்லை. கூகை ஒரே ஈட்டில் நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும், இழந்ததை ஈடுகட்டிவிடும். வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். ஓர் அறைக் குட்டிகள் அழிந்தால் அந்தக் கூட்டம் தேறப் பல ஆண்டுகள் ஆகும். பறவை என்று நினைத்ததால்தான், ‘போனால் வேறிடத்தில் முட்டையிட்டுக் கொள்ளும்’ என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இருட்டில் இரை தேடுவதிலும் இரண்டும் வேறு. கூகை ஓசையே இல்லாமல் பறந்து, எலியின் சலசலப்பைக் காதால் குறிவைக்கும். அதற்காகவே அதன் ஒரு காது மேலும் மற்றது சற்றுக் கீழுமாக அமைந்திருக்கிறது. அது கக்கும் உருண்டையை உடைத்துப் பார்த்தால் எலி மண்டையோடே கிடைக்கும். வௌவாலோ நம் செவிக்கு எட்டாத குரலை எழுப்பி, எதிரொலியைக் கேட்டுப் பூச்சியைப் பிடிக்கும். அதன் சிறகு இறகு அல்ல, நீண்ட விரல்களுக்கு இடையே விரிந்த தோல். அது ஒரு கை!

சாக்குருவி என்று கூகையையும், பீடை என்று வௌவாலையும் துரத்துவதை நிறுத்த வேண்டும். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டிருக்கிறார்கள். நம்மால் ஓர் அறையை விட முடியாதா? வீட்டைத் திறக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டியோ முட்டையோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் மூன்று மாதம் பூட்டியே வையுங்கள். திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்