ஓவிய ஆசிரியருக்கு விருது: எதைப் பார்த்துத் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் தினத்தையொட்டி மாநில அரசு ஆண்டுதோறும் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது வழங்குகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். கணக்கு ஆசிரியர் என்றால் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை எடுத்துக் காட்டலாம். ஓவியத்துக்கு அப்படியொரு பொதுத்தேர்வு இல்லை. போட்டிச் சான்றிதழும் செய்தித்தாள் நறுக்கும்தான் ஓவிய ஆசிரியரின் கோப்பில் இருக்கும். 2022-இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்தபின் இது இன்னும் கூடிவிட்டது. கலைத் திருவிழா மிக நல்ல ஏற்பாடு, எத்தனையோ பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும் ஒரு பிள்ளையை வைத்து ஆசிரியரை எடை போடக் கூடாது. அந்த ஒரு பிள்ளைக்கு ஒரே படத்தை மாதக்கணக்கில் கைப்பழக்கம் செய்வித்தவரும், வகுப்பில் 40 பேருக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அப்போது ஒன்றாகிவிடுவார்கள்.

சேலம் மாவட்ட அளவில் ஓவிய ஆசிரியர்களுக்கென்று தனி விருது வேண்டும். அதை வகுப்புத் தாள்களைப் பார்த்தே தர வேண்டும்.

செய்முறை எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பழைய காலண்டர் அட்டையில் ஓர் உறை. ஜூனில் ஒரு தாள், நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, தேதி போட்டு அதற்குள் வைக்க வேண்டும். தேர்வுக் குழு வரும் அன்று வருகைப் பதிவேட்டில் ஓர் எண்ணைச் சொல்லி, அங்கிருந்து நான்கு நான்காகத் தள்ளி எடுத்தால் 40 பேர் வகுப்பில் 10 பிள்ளைகளின் 30 தாள் கிடைக்கும். எண் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்தப் பத்துப் பேருக்கு மட்டும்தான் கவனிப்பு நடக்கும்.

தாளில் எதைப் பார்ப்பது? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை. 40 தாளிலும் இதே படம் இருந்தால் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து போட்டிருக்கிறார் என்று பொருள். இத்தனைக்கும் சேலத்துப் பிள்ளைக்கு வகுப்பு வாசலில் நின்றாலே மலை தெரியும். சேர்வராயன் மலை முக்கோணமே கிடையாது. நீளமாக ஓடி, மேலே ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருக்கும். கஞ்சமலைக்கும் ஜருகுமலைக்கும் வேறு வேறு விளிம்பு. நல்ல ஆசிரியர் பிள்ளைகளை வெளியே நிறுத்தி, முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடவிடாமல் அந்த விளிம்பை விரலால் காற்றில் வரையச் சொல்வார். கிட்டத்துச் சரிவு கரும்பச்சை, அடுத்தது நீலம் கலந்த பச்சை, கடைசி வரிசை வெளிறிய சாம்பல் நீலம் என்று பிள்ளையே கண்டு சொல்லும். வண்ணத்தில் வழக்கமாக வரும் பிழை, நிழலுக்குக் கறுப்பை அப்புவது. பச்சை செத்துப்போகும். நீலத்தோடு துளி சிவப்பைப் பச்சையில் கலந்தால் இருட்டு வரும், உயிரும் போகாது. ஜூன் தாளில் கறுப்பு, மார்ச் தாளில் கலந்த நிறம் என்றால் அந்த வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. ரப்பர் தேய்த்த தடம், தாளின் பின்பக்கத்தில் நிறம் கலந்து பார்த்த திட்டுகள் எல்லாம் நல்ல சாட்சிகள்தான். அடித்தலே இல்லாத, ஒரே அழுத்தத்தில் ஓடும் கோடு பெரியவர் கை பட்டதா என்று சந்தேகிக்க வைக்கும்.

ஏற்காட்டுப் பள்ளிகளை சமவெளிப் பள்ளிகளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. எடுத்துக்காட்டுக்குக் காகிதக்கூழ் முகமூடி. அதை ஒட்டும் பசைக்கு இந்த மாவட்டத்தில் கைக்கெட்டும் பொருள் மரவள்ளி மாவு. ஒரு பங்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, எட்டுப் பங்கு கொதிநீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளற வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் மயில்துத்தம் போடுகிறார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது, அன்றன்று காய்ச்சிக்கொள்ளலாம். ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் சேலத்தில் ஒரு நாளில் காய்வது, ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் மலைமேல் மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அங்கே நான்கு அடுக்கு முகமூடி ஒன்றைப் பார்க்கும்போது அந்தப் பொறுமையையும் சேர்த்து மதிப்பிட வேண்டும்.

2012 முதல் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு வந்துபோகும் பகுதிநேர ஆசிரியர்களும் இந்த விருதுக்குத் தகுதியானவர்கள் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். பல பள்ளிகளில் ஓவியம் கற்றுக்கொடுப்பது அவர்கள்தான்.

பொன்னாடையும் கேடயமும் போதாது. விருதோடு அந்தப் பள்ளிக்கு ஓராண்டுக்கான கனமான வரைதாளும் போஸ்டர் கலரும் கொடுக்கலாம். மே மாத ஏற்காடு கோடை விழாவில் சாதாரணப் பிள்ளைகளின் அந்த மூன்று மூன்று தாள்களையும் வரிசையாக மாட்டி வைக்கலாம். ஈரத்தாளை லேமினேட் செய்ய வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிக் கறுத்துவிடும். ஸ்கெட்ச் பேனாப் படங்களை வெயில் படும் இடத்தில் மாட்டினால் வெளுத்துப்போகும்.

முதன்மைக் கல்வி அலுவலர் இதை ஏற்றால், அறிவிப்பு பள்ளி திறக்கும் ஜூன் மாதமே வர வேண்டும். ஆகஸ்டில் வந்தால் முதல் தாள் யாரிடமும் இருக்காது.

இப்படிக்கு,
பள்ளி ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.