பழைய காருக்கு எந்தக் காப்பீடு?

செல்லூர், மதுரை

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் கண்டேன். மகளுக்கு வேலை கிடைத்ததும், அவள் போய்வர நான்காண்டு ஓடிய கார் ஒன்றை நீ வாங்கியிருப்பதும் மிகுந்த நிறைவைத் தந்தன. இங்கு அனைவரும் நலம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறாய்; போதாது என்பதே என் கருத்து.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதை மட்டும்தான். பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை வரம்பின்றியும், பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை 7.5 லட்சம் ரூபாய் வரையும் அது ஏற்கும். உன் காரின் கதவு நசுங்கினால் ஒரு ரூபாயும் வராது. அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால், விலை விசாரிக்க வேண்டியது உன் காருக்கே நேரும் சேதத்தை ஏற்கும் சொந்தச் சேதப் பிரிவுக்குத்தான்; இரண்டும் சேர்ந்ததே முழுக் காப்பீடு. சொந்தச் சேதப் பிரிவில் பிரீமியம் மலிவாகத் தெரிந்தால் முதலில் ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கும் மதிப்பைப் பார். கார் திருடுபோனாலோ முற்றிலும் நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத் தொகை அதுதான் என்பதால், எல்லா நிறுவனங்களிடமும் ஒரே ஐ.டி.வி.க்கு விலை கேட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்கும் இன்ஜின் பாதுகாப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதே. 2024 அக்டோபர் மழையில் எங்கள் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நீ அறிவாய். வெள்ளச் சேதத்தை முழுக் காப்பீடு ஏற்கும் என்றாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே நீர் புகுந்து இன்ஜின் பழுதானால், அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லாதவருக்குப் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். வண்டி ஓட்டப்போவது மகள் என்பதால், தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியை அழைக்கும்படி அவளிடமும் சொல்லிவை. பம்பர் போன்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். அதைத் தவிர்க்கும் ‘பம்பர் டு பம்பர்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இந்த வயதுக் காருக்கு இன்னும் கிடைக்கக்கூடும்.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக விற்றவருக்குப் பிரீமியத்தில் கிடைத்த 45 சதவீத போனஸ் தள்ளுபடி உனக்கும் வரும் என்று தரகர் சொன்னதை நம்பாதே. அது உரிமையாளரைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததன்று. ஆர்.சி.யில் பெயர் மாறினால் மட்டும் போதாது. கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் சொந்தச் சேதத்துக்கு நீ உரிமை கோர முடியாமல் போகும்.

பணம் கட்டுமுன் நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியல்களை எனக்கு அனுப்பு. வரி வரியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேது